ஸ்பெஷல் வழியில் போனவள்

நான் விமானத்தில் ஏறியதில்லை. ஏற்றிவிடத்தான் போயிருக்கிறேன். முதல் தடவை என் மனைவியை, பல வருஷம் கழித்து என் மகளை. இரண்டு தடவையும் வாசலோடு சரி. இருந்தாலும், விமான நிலையத்தில் பரிசோதனை வரிசையில் நிற்காமல் சீக்கிரமாக உள்ளே போகக் காசு கொடுக்கலாமா, அதில் பிரயோசனம் உண்டா என்று யாராவது கேட்டால், பதில் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறது. நாங்கள் கொடுத்தவர்கள்.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எனக்கு பெக்டரி வேலை. மனைவி கொழுந்து எடுப்பவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வாரத்தில் பாதி நாள்தான் வேலை கொடுத்தார்கள். நாங்கள் இருந்த வரிசை வீடான லயத்துக் கூரைத் தகரம் ஓட்டை விழுந்து, மழைக்கு மாரியம்மன் படத்தையே இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவானது. மகளுக்கு அப்போது ஆறு வயது.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும், பதுளை டவுனில் இருந்த சப் ஏஜன்ட் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தார். கடைசியில் ஒரு விஷயம் சொன்னார். விமான நிலைய வாசலில் வரிசை நீளமாக இருக்குமாம். யுத்த காலம் என்பதால் தமிழ்ப் பேரைக் கண்டால் ஓரமாக நிறுத்தி, எங்கே பிறந்தாய், யாரோடு வந்தாய், பையில் என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பார்களாம். அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியவேண்டும் என்றில்லை. எங்கள் மேல் டிவிஷனில் ஒருத்தி அப்படி நிறுத்தி வைக்கப்பட்டு, விமானம் போன பிறகு விடப்பட்டு, கொண்டுபோன பையோடு லயத்துக்கே திரும்பி வந்தாள். அதிலிருந்து அவளுக்கு ‘பிளேன்காரி’ என்று பேர். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போதுகூட, “பிளேன்காரி வந்துட்டா, வழி விடுங்கடி” என்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டுத் தண்ணீர் பிடிக்காமலே போன நாளும் உண்டு.

சப் ஏஜன்ட் சொன்னது இதுதான்: “ஸ்பெஷல் வழி ஒன்னு இருக்கு. நம்ம ஆளு ஒருத்தர் நேரா உள்ளுக்குக் கூட்டிட்டுப் போயிருவார். வரிசையும் இல்ல, கேள்வியும் இல்ல.”

அதற்கு அவர் கேட்ட காசு எங்களிடம் இல்லை. இருந்தது ஒன்றுதான். கதிர்காமத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்த காசு. அதைத் தொட எனக்குக் கை வரவில்லை. அவள்தான் விளக்கை ஏற்றி, கும்பிட்டுவிட்டு, முடிச்சை அவிழ்த்தாள்.

“முருகன் பொறுத்துக்குவாருங்க. ஏஜன்சிக்காரன் பொறுக்க மாட்டான்” என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: “பதினாலு வயசுலருந்து கொழுந்து நிறுக்குற எடத்துல கடைசியில நின்னவ நான். ஒரு நாளைக்காவது முன்னுக்குப் போய்ப் பாக்குறேனே.”

அது உண்மைதான். எங்கள் மலையில் கொழுந்து நிறுக்கும்போது, கணக்கப்பிள்ளைக்கு வேண்டியவர்களின் கூடைதான் முதலில் தராசில் ஏறும். மற்றவர்கள் மழையில் நிற்பார்கள். முன்னால் போவதற்கு ஒரு விலை உண்டு என்பது எங்களுக்குப் புதிதில்லை. அதைக் கொடுக்கத்தான் இதுவரை கையில் எதுவும் இருந்ததில்லை.

இங்கே எங்கள் ஆட்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். லயத்தில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்ப மாட்டார்கள். கடைக்குப் போனாலும் ‘போயிட்டு வாறேன்’தான். இருப்பவர் ‘போயிட்டு வாங்க’ என்று பதில் கொடுத்த பிறகுதான் கால் வாசலைத் தாண்டும். என் மனைவி தினமும் காலையில், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் மகளை விடும்போது, குனிந்து, “அம்மா மலைக்குப் போயிட்டு வாறேன்” என்பாள். பிள்ளை “போயிட்டு வாம்மா” என்று சொல்லும்வரை நகர மாட்டாள். கோபத்தில் சில நாள் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். அன்றைக்கெல்லாம் இவள் காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் பிந்திப் போய் ஏச்சு வாங்குவாள்.

குவைத்துக்குப் போவதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று பல நாள் யோசித்தாள். வீட்டில் வைத்துச் சொன்னால் அழுது காய்ச்சல் வரும், விமான நிலையத்துக்கே கூட்டிப் போய், கடைசி நிமிஷத்தில் நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று எல்லாருக்கும் சொல்லி வைத்தாள். அதனால் பிள்ளைக்கு அது ஒரு பயணம். புதுச் சட்டை, பஸ், கொழும்பு என்று குதித்துக்கொண்டு வந்தது.

வாசலில் வெயில். தகரக் கொட்டகையின் கீழே கயிறு கட்டி வரிசை விட்டிருந்தார்கள். போகிறவர்கள் கயிற்றுக்கு உள்ளே, அனுப்ப வந்தவர்கள் கயிற்றுக்கு வெளியே, பைகளைத் திறந்து பார்க்கும் மேசை வரைக்கும் கூடவே நடக்கலாம். ஸ்பெஷல் ஆளைக் காணவில்லை. அவர் வரும்வரைக்கும் வரிசையில் நிற்போம் என்று அவளும் நின்றாள். அவளுக்கு முன்னால் தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி. அவளும் குவைத்துக்குத்தான். ஸ்பெஷலுக்குக் கொடுக்க அவளிடம் எதுவும் இல்லை என்பது பேச்சில் தெரிந்தது. என் மனைவி அவளுக்காக இரக்கப்பட்டாள்.

வரிசை அசையவில்லை. பிள்ளை பசி என்றது. இன்னும் நிறைய நேரம் இருக்கு, ஒரு பணிஸ் வாங்கிக் கொடுத்துக் கூட்டிவாங்க என்று அவள்தான் அனுப்பினாள். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவள் நின்ற இடத்தில் வேறொருத்தி நின்றாள்.

தெமோதரைப் பெண்தான் சொன்னாள். கழுத்தில் அட்டை போட்ட ஒருவன் வந்து பேரைக் கேட்டானாம். கையைப் பிடித்து இழுக்காத குறையாக, பக்கத்துக் கதவால் கூட்டிக்கொண்டு போய்விட்டானாம். “அக்கா எவ்வளவோ கெஞ்சினாங்கண்ணே. பிள்ள வரட்டும், ஒரு வார்த்த சொல்லிட்டு வாறேன்னாங்க. ஸ்பெஷல்ல போறவங்களுக்கு நிக்க நேரமில்லன்னுட்டான். இப்ப வராட்டி காசும் இல்ல, வழியும் இல்லைன்னான்.”

அந்தப் பக்கத்துக் கதவைப் போய்ப் பார்த்தேன். சாத்தியிருந்தது. காவலுக்கு நின்றவரிடம், என் பெண்சாதி உள்ளே போய்விட்டாள், பிள்ளை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். சீக்கிரம் போகத்தானே காசு கொடுத்தாய், போய்விட்டாள், இனி என்ன என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

பிள்ளையும் நானும் கயிற்றோரமாகவே உட்கார்ந்திருந்தோம். தெமோதரைப் பெண்ணின் வரிசை நத்தை மாதிரி ஊர்ந்தது. அவளுடைய தாய் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, கயிற்றுக்கு மேலால் ஊட்டிவிட்டாள். புருஷன் ஏதோ சொல்ல அவள் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு மறுபடி சிரித்தாள். மேசைக்கு வந்ததும் ஒவ்வொருவராகத் தொட்டு, போயிட்டு வாறேன் என்றாள். எனக்கும் சொன்னாள். என் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி அதற்கும் சொன்னாள். பிள்ளை பெரிய மனுஷி மாதிரி, “போயிட்டு வாங்க” என்றது.

பதுளைக்குத் திரும்பும் பஸ்ஸில், அம்மா எங்கே என்று பிள்ளை கேட்டது. வெளிநாட்டுக்குப் போய்விட்டாள் என்றேன். தலையை ஆட்டியது.

“இல்லப்பா. அம்மா இன்னும் போகல. சொல்லவே இல்லையே.”

நான் எத்தனை விதமாகச் சொல்லியும் அது நம்பவில்லை. லயத்திலும் எல்லாரிடமும், அம்மா செக்கிங்கில் நிற்கிறாள், முடிந்ததும் வந்து சொல்லிவிட்டுத்தான் போவாள் என்றது. அதைக் கேட்டு முதலில் சிரித்தார்கள். பிறகு யாரும் அதைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார்கள். நான் வெள்ளிக்கிழமை கோயிலில் நின்று, உன் காசை எடுத்ததற்குத்தான் இதுவா முருகா என்று கேட்டிருக்கிறேன். பிறகு வெட்கமாக இருக்கும். அவன் அப்படிச் செய்கிறவன் இல்லை. மனுஷன் செய்ததை மனுஷன் தலையில்தான் போடவேண்டும்.

அவள் இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தாள். வந்த பிறகுதான் உள்ளே நடந்தது தெரிந்தது. ஸ்பெஷல் வழி என்பது அந்தப் பக்கத்துக் கதவு மட்டும்தான். கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டதும் அவன் போய்விட்டான். அங்கே எல்லாருக்கும் ஒரே வரிசை. இவளையும் ஓரமாக நிறுத்தினார்கள். பையைக் கொட்டினார்கள். கோயில் திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, வெள்ளைத் தூள் என்ன என்று முகர்ந்து பார்த்தார்கள். நெற்றியில் பூசிக் காட்டிய பிறகுதான் விட்டார்களாம். அதோடு விமானம் பிந்திவிட்டது. மத்தியானம் முழுக்க உள்ளே ஒரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் அதே நேரம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் தெமோதரைப் பெண்ணும் வந்து சேர்ந்தாள். விமானத்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து சீட்.

“அவ வயிறு நெறஞ்சு வந்திருந்தா. நான் அந்தப் பணிசையே நெனச்சிக்கிட்டுப் போனேன்” என்றாள் என்னிடம்.

அவள் வந்து இறங்கிய நாளில் பிள்ளைக்கு எட்டு வயது. லயத்து வாசலில் நின்று தாயை மேலும் கீழும் பார்த்தது.

“இப்பத்தான் செக்கிங் முடிஞ்சிச்சா?” என்றது.

எட்டு வயதில் அதற்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் கேட்டது. அதற்குப் பிறகு தாயும் மகளும் சண்டை போட்டவர்கள் இல்லை. சமைத்ததைப் பிள்ளை சாப்பிட்டது, காய்ச்சலுக்குத் தாய் மடியில்தான் படுத்தது. ஆனால் காலையில் அவள், “மலைக்குப் போயிட்டு வாறேன்” என்றால் மட்டும் பதில் வராது. தலை வாரிக்கொண்டிருக்கும், புத்தகம் அடுக்கிக்கொண்டிருக்கும். இவள் கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு கூடையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போவாள். எவ்வளவோ வருஷம் அப்படி. காவடி எடுக்கக் கதிர்காமம் போனபோது, பூசைத் தட்டோடு எல்லாரும் நிற்கும் அந்த ஒரே வரிசையில் நின்று இந்த ஒரு பதிலைத்தான் நான் கேட்டேன். வேறெதுவும் கேட்கவில்லை.

மகளுக்கு இருபது தாண்டியதும் அவளும் வெளிநாட்டுக்குக் கிளம்பினாள். நாங்கள் வேண்டாம் என்றோம். தோட்டத்தில் என்ன இருக்கு என்று கேட்டாள். யுத்தம் முடியாத காலம்தான், கெடுபிடி குறையவில்லை. வரிசை அதே நீளம். ஆனால் இப்போது ஸ்பெஷல் வழி களவாக நடக்கவில்லை. மேசை போட்டு, பலகை எழுதி, டை கட்டிய ஒருவர் நின்றார். கொஞ்சம் கட்டினால் வரிசையில் நிற்காமல் போகலாம் தங்கச்சி என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

மகள் அவரைப் பார்த்தாள். “மெதுவா போறதுக்கு ஏதாவது இருக்குங்களா? அதுக்குன்னா கட்டுறேன்.”

அவருக்கு விளங்கவில்லை. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தன் இடத்தைப் பின்னால் வந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து, கடைசிக்கே போய் நின்றாள். அம்மாவும் மகளும் கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. பேசினார்களா என்றும் தெரியாது.

பை பார்க்கும் மேசைக்குக் கிட்ட வந்ததும் மகள் வாயைத் திறந்தாள். அதற்குள் என் மனைவி அவசரமாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா போயிட்டு வாறேன்” என்றாள்.

போகிறவள் மகள். சொல்லவேண்டியவளும் மகள்தான். பக்கத்தில் இருந்தவர்கள், அந்தம்மாவுக்குத் தடுமாறிப்போச்சு என்றார்கள். யாரோ ஒருவர், பிளேன்ல யாரு ஏறப் போறதுன்னே தெரியலயே என்றார். மகள் தாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“போயிட்டு வாம்மா” என்றாள்.

அதுவரை ஊர்ந்துகொண்டிருந்த வரிசை அப்போது பார்த்து வேகமாக நகர்ந்தது. மேசைக்காரர் அடுத்த ஆள் என்று கூப்பிட்டார். தன் பங்குக்குச் சொல்லவேண்டியதை மகள் சொல்வதற்கு நேரம் கிடைக்கவில்லை.