எறங்குடா, இது என்ற வண்டி

பேய், காத்து, கருப்பு எதையும் நான் நம்பியவன் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. சாயப்பட்டறையில் கை வெந்தது, லாரி கிளீனராக நாக்பூர் வரை போனேன், புனேயில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கிக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினேன். ஒரு மழைக்காலம் முழுக்கச் சுடுகாட்டுக் கொட்டகையில் படுத்திருக்கிறேன், அங்கேகூட கொசுவைத் தவிர எதுவும் என்னைத் தொந்தரவு செய்ததில்லை. மற்றவர்கள் சொல்கிற கதையெல்லாம் அமாவாசையில், புளியமரத்தடியில் நடக்கும். எனக்கு நடந்தது ஞாயிற்றுக்கிழமை, சுள்ளென்று வெயில், சுற்றிலும் ஜனங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் நம்பினாலும் சரி, வெயில் மண்டையில் ஏறிவிட்டது என்று சொன்னாலும் சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

பிரபுவும் நானும் ஒரே பெஞ்ச். எட்டாவது வரைக்கும் 'டா' போட்டுத்தான் பேசிக்கொண்டோம். நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு சொந்த ஊரான மண்ணரையில், வரிசையாகக் கட்டிய ஒரு லைன் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அவன் நிட்டிங் கம்பெனி முதலாளி. அவன் கம்பெனி வண்டிக்கு நான் டிரைவர். முதல் நாளே என் வாயில் 'ங்க' வந்து ஒட்டிக்கொண்டது, யாரும் ஒட்டச் சொல்லவில்லை.

"என்னடா ராசு, எனக்கே 'ங்க' போடற?" என்று சிரித்தான்.

"பழகிப்போச்சுங்க" என்றேன்.

மனசுக்குள் மட்டும் அவன் எனக்கு 'டா'தான். அதை அங்கேயே வைத்துக்கொண்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், விஷயமே இதில்தான் இருக்கிறது.

ஒரு நாள் அவனுக்கு ஆசை வந்தது. வீட்டுக்குப் பெரிய கார் இருக்கிறது, கம்பெனிக்கு வேன் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தனக்கென்று ஓட்ட ஒரு ஹாட் ஹேட்ச் வேண்டும் என்றான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், வெளியே பார்த்தால் காய்கறி வாங்கச் சந்தைக்குப் போகிற சின்னக் கார் மாதிரி இருக்கும், பானெட்டுக்குள் பெரிய காரின் கோபம் இருக்கும், அதுதான் ஹாட் ஹேட்ச். வார நாளில் பஜாருக்கும் போகலாம், ஞாயிறு அதே காரை ரேஸ் டிராக்கில் விரட்டலாம். புதுசு வேண்டாம், பழசே போதும், நீதான் பார்த்து எடுத்துத் தர வேண்டும் என்றான்.

புனேயில் அப்படி ஒரு காரை இன்ஜின் பிரித்துச் சேர்த்தவன் நான். சேர்த்து முடித்ததும் ஷெட்டைச் சுற்றி ஒரே ஒரு வட்டம் ஓட்டிப் பார்க்கவிட்டார்கள். பெண்டாட்டி வேண்டும், வீடு வேண்டும் என்றெல்லாம் நான் அவ்வளவு ஏங்கியதில்லை. அந்த ஒரு வட்டத்துக்காக ஏங்கியிருக்கிறேன். இப்போது எட்டாவதில் எனக்குப் பின்னால் நடந்து வந்தவனுக்காக அதைத் தேடிப் பிடித்துக் கொடுக்க வேண்டும். வயிறு எரிந்தது, வேறென்ன.

முதலில் பல்லடத்தில் ஒரு கோழிப்பண்ணைக்காரர் மகனுடைய கருப்புக் கார். பளபளவென்று இருந்தது. பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஃபெண்டர் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்டுப் பெயின்ட் உரிந்திருந்தது, ரேடியேட்டரைத் தாங்குகிற சட்டத்தில் வெல்டிங் வைத்திருந்தார்கள்.

"முன்னாடி எதுலயோ அடி வாங்கியிருக்குதுங்களே?" என்றேன்.

"லேசா ஒரு பஸ்ஸு தொட்டுருச்சுங்ணா" என்றான் அந்தப் பையன்.

"பஸ்ஸு தொட்டுச்சா, கட்டிப்புடிச்சுதா?" என்று பிரபு கேட்டான். அது போயிற்று.

அடுத்தது கோயமுத்தூரில் ஒரு சிவப்புக் கார். சத்தம் தெருவைத் தாண்டியது. இன்ஜின் கம்ப்யூட்டரில் கைவைத்துப் பவரைக் கூட்டியிருந்தார்கள். ஏற்றத்தில் மேல் கியரில் அழுத்தினால் இன்ஜின் கத்தியது, வண்டி நகரவில்லை, கிளட்ச் வழுக்கியது. சைலன்சரில் நீலப்புகை, அதாவது டர்போ எண்ணெய் குடிக்கிறது. பிரபுவுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போயிற்று. அதையே எடுத்து இவன் நாசமாகட்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் வண்டி விஷயத்தில் என் நாக்குக்குப் பொய் வராது.

"இதும்பட சத்தத்த மட்டும் போன்ல புடிச்சு வச்சுக்குங்க, வண்டி வேண்டாம்" என்றேன்.

மூன்றாவது அவிநாசியில். ஒரு பல் டாக்டரம்மாவின் சாம்பல் நிறக் கார். அந்த அம்மாவே ஞாயிறானால் டிராக்கில் ஓட்டியவர். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். நான் குனிந்து பார்த்தேன், படுத்துப் பார்த்தேன். நாலு டயரும் சமமாகத் தேய்ந்திருந்தன, பிரேக் டிஸ்க்கும் பேடும் புதுசு, ஆறிக் கிடந்த இன்ஜின் ஒரே திருப்பில் பிடித்தது, புகை இல்லை, கம்பெனியில் இருந்து வந்தபடியே இருந்தது, எதையும் நோண்டவில்லை. குறை சொல்ல ஒன்றாவது அகப்படாதா என்று டார்ச் அடித்துக்கூடத் தேடினேன், கிடைக்கவில்லை.

ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தேன். நான் நெட்டை, சீட்டைக் கடைசி வரை தள்ளி, லாரியில் பிடித்த இடுப்புவலிக்காகப் பனியன் கம்பெனியில் மிஞ்சுகிற வேஸ்ட் துணியை உருட்டி முதுகுக்கு வைத்துத்தான் எந்த வண்டியும் ஓட்டுவேன். வைத்தேன். பைபாஸில் ஒரு சுற்றுப் போனோம். மூன்றாவதில் இருந்து நாலாவதுக்குக் கியர் விழுந்தபோது என் உள்ளங்கையில் ஒரு சின்னத் தட்டு, கைகுலுக்கின மாதிரி. வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"நீங்கதான் வாங்கறீங்களா? உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குதுங்க" என்றார் டாக்டரம்மா.

"இல்லீங்க, அவருக்குங்க" என்றேன்.

அந்த அம்மா பிரபுவை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். கொடுக்கும்போது இடது கையை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். வலி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கார் வீட்டுக்கு வந்தது. பிரபுவின் அம்மா பூசணிக்காயும் கற்பூரமும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"ராசுக்கண்ணு, நீயே சுத்தி ஒடைச்சுரு சாமி. ஊருக்கண்ணு ஒட்டுக்கா வண்டி மேலதான்."

யாருடைய கண் என்று அவருக்குத் தெரியாது. நான் சுற்றினேன், உடைத்தேன். குங்குமம் என் சட்டையில்தான் அதிகம் தெறித்தது.

கோயமுத்தூர் தாண்டி இருக்கிற டிராக்கில் ஞாயிற்றுக்கிழமை யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து ஓட்டலாம். காருக்குள் ஓட்டுகிறவர் மட்டும்தான் இருக்க வேண்டும், பக்கத்தில் ஆள் ஏற்றக்கூடாது. பிரபு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, சீட்டை முன்னால் இழுத்து, ஸ்டியரிங்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனான். அவன் குட்டை. நான் கம்பிவேலியோரம் நின்றேன். பக்கத்தில் டீ விற்கிறவர், செல்போனில் படம் எடுக்கிற கல்லூரிப் பையன்கள், பெண்டாட்டியோடு வந்தவர்கள் என்று நல்ல கூட்டம்.

அவன் அந்தக் காரை ஓட்டியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. திருப்பத்துக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடிக்கிறான், நாலாவதில் போக வேண்டிய இடத்தில் மூன்றாவதிலேயே கதறவிடுகிறான். பூனைக்குட்டியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவது போல இருந்தது. என் கால் தரையை அழுத்தியது, என் இடது கை காற்றில் கியர் போட்டது. அடுத்த சுற்றில் நேர்ப்பாதையில் வந்தான். மனசுக்குள் கத்தினேன், உதடுகூட அசையவில்லை, சத்தியம். டேய், காலை எடுறா. இப்பக் கிளட்சைப் பிடிறா. நாலு போடுறா.

அவன் சரியாக அந்த இடத்தில் காலை எடுத்தான், பிடித்தான், நாலு போட்டான். என் உள்ளங்கையில் அந்தத் தட்டு விழுந்தது. பைபாஸில் விழுந்ததே, அதே தட்டு. கையைப் பார்த்தேன், கம்பிவேலியைக்கூடத் தொடாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் அந்தக் கார் போனது போல ஒரு கார் போய் நான் பார்த்ததில்லை. கல்லூரிப் பையன்கள் போனைத் திருப்பினார்கள். "யார்றா அந்த கிரே கலரு?" என்றான் ஒருவன். ஒவ்வொரு கியரும் என் கையில் விழுந்தது, ஒவ்வொரு திருப்பத்திலும் என் இடுப்பு சாய்ந்தது. பயமாக இருந்திருக்க வேண்டும், இல்லை, சந்தோஷமாக இருந்தது. அப்புறம் டீக்காரர், "உங்க மொதலாளி பின்றாருங்க!" என்றார். மொதலாளி. பார்த்து எடுத்தவன் நான், அது என்னுடையது. மனசுக்குள் சொன்னேன்: எறங்குடா. இது என்ற வண்டி.

கார் வேகம் குறைந்தது. டிராக்கை விட்டு ஓரமாக உள்ளே வந்து நின்றது. பிரபு இன்ஜினை அணைக்காமலே கதவைத் திறந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, என் பக்கம் நடந்து வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"எறங்கிட்டேன்" என்றான்.

"என்னாச்சுங்க?"

"நீதான எறங்கச் சொன்ன?"

"நானுங்களா? நான் இங்கதான நிக்கறனுங்க. அவரக் கேளுங்க."

டீக்காரர் தலையாட்டினார், "இந்தாண்ட அந்தாண்ட நகருலீங்களே" என்றார்.

பிரபு அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பக்கத்து சீட்டுல இருந்துதான்டா பேசுன. காலை எடுறான்னு சொன்ன, எடுத்தேன். நாலு போடுறான்ன, போட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. பொறவு எறங்குடா, என்ற வண்டின்ன. ராசு, வேலைக்கு வந்து இத்தன வருசத்துல நீ என்னைய 'டா' போட்டதே இல்ல."

நான் மனசுக்குள் சொன்னதேதான். ஒரு சொல் மாறவில்லை. ஹெல்மெட்டுக்குள் இன்ஜின் சத்தத்தில் எதுவோ கேட்டிருக்கும் என்று சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு காரை அணைக்கப் போனேன். கதவு திறந்தே கிடந்தது. டிரைவர் சீட்டு கடைசி வரை பின்னால் போயிருந்தது. அந்தத் தூரத்தில் பிரபுவுக்குக் கிளட்ச் எட்டாது. சீட்டு முதுகில் பனியன் வேஸ்ட் துணி ஒன்று, நான் உருட்டுகிற மாதிரியே உருட்டி, நுனியை உள்ளே செருகி வைத்திருந்தது. தொட்டேன். வேர்வையில் நனைந்து சூடாக இருந்தது. என்னுடைய உருட்டு வெளியே நான் ஓட்டிவந்து நிறுத்திய கம்பெனி வேனில் இருந்தது, போய்ப் பார்த்தேன், இருந்தது.

திரும்பி வரும்போது வேனை நான் ஓட்டினேன், காரை அங்கேயே விட்டுவிட்டோம். அவிநாசி ரோடு வந்ததும் பிரபு கண்ணாடியை இறக்கினான். அப்புறம், "நீயே வச்சுக்கடா அத" என்றான்.

என் வாழ்நாளில் யாரும் எனக்கு அப்படி ஒன்றைத் தூக்கிக் கொடுத்ததில்லை. "வேண்டாங்க" என்றேன். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தச் சீட்டில் ஏற்கெனவே ஒருத்தன் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

"வெசனப்படாத, நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல" என்றான் பிரபு. ஆனால் அன்றைக்குப் பிறகு என் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் அவன் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தான். காரை பெங்களூருக்காரர் யாரோ எடுத்துப் போனார். நானும் அந்த வேலையை விட்டு வேறொரு இடத்துக்குப் போய்விட்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியே இருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் உள்ளங்கையில் கியர் விழுகிறது. துணி துவைத்துக்கொண்டிருப்பேன், டீக்கடையில் நிற்பேன், இரண்டு, மூன்று, நாலு என்று விழும். பெங்களூருக்காரர் நன்றாக ஓட்டுகிறார், ஒத்துக்கொள்ள எனக்கு எரிச்சல்தான், இருந்தாலும் நன்றாக ஓட்டுகிறார். பழகிவிட்டேன். அதுவே என் வண்டி என்றுகூட நினைத்துக்கொண்டேன், எண்ணெய் போட வேண்டாம், துடைக்க வேண்டாம்.

போன ஞாயிறு மூன்றாவதில் இருந்து எடுத்தார். நாலாவது விழவில்லை. நடுவிலேயே நின்றுவிட்டது. தட்டு வரும் வரும் என்று கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மத்தியானம் ஆகியும் வரவில்லை. அந்த ஆளின் பெயர்கூட எனக்குத் தெரியாது, பிரபுவுக்குப் போன் போட்டுக் கேட்டேன், அவனும் எந்தத் தாளும் வைத்திருக்கவில்லை.

மறுநாள் பஸ் ஏறி அவிநாசிக்குப் போனேன். எதற்கென்று கேட்காதீர்கள், வேறு யாரிடம் போவது. டாக்டரம்மா ஆஸ்பத்திரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இடது கை மடியில் பாதி மூடிக் கிடந்தது. நான் பல்வலி என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே கிட்டத்தில் போனேன். அவர் என் கையைத்தான் பார்த்தார்.

"உங்களுக்கும் மூணுக்கும் நாலுக்கும் நடுவுலயே நின்னுபோச்சுங்களா?" என்றார்.

அந்தப் பெங்களூருக்காரருக்கு என்ன ஆனதோ என்கிற பயம் பிற்பாடு வந்தது, பஸ்ஸில் வரும்போது வந்தது, இன்னும் போகவில்லை. அந்த வாசலில் நின்றபோது எனக்கு முதலில் வந்தது வேறு. இத்தனை ஞாயிறும் என் வண்டியின் கியர் இந்த அம்மா கையிலும் விழுந்ததா, எனக்கு மட்டும் இல்லையா?