நூர் முகம்மதுவின் திமிங்கில ஜாக்கெட்

கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் திமிங்கிலம் பார்க்க யார் கிளம்பினாலும் முதல் போன் நூர் முகம்மதுவுக்குத்தான் போகும். ஜனவரியில் சாம்பல் திமிங்கிலங்கள் மெக்சிகோவை நோக்கிப் போகிற வழியில் ஹாஃப் மூன் பே பக்கம் தலைகாட்டும். எந்தப் படகில் ஏறலாம், எந்தப் பக்கம் நிற்கலாம், வாந்தி மாத்திரையை எப்போது போடலாம் என்று எல்லாம் சொல்லிக்கொடுப்பார். கூடவே வந்து படகில் ஏற்றியும் விடுவார். அவர் மட்டும் ஏறமாட்டார். ஒரு தடவை பார்க்கிங், ஒரு தடவை தொழுகை நேரம், ஒரு தடவை சாப்பாட்டுப் பாத்திரங்களுக்குக் காவல். கையாட்டி அனுப்பிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டுக்கொள்வார்.

மனுஷர் காயல்பட்டினத்துக்காரர். அது ஒன்று போதாதா? மில்பிடாஸில் இருக்கிற கோயம்புத்தூர், ஈரோட்டு ஜனங்களுக்குக் கடற்கரையில் பிறந்தவன் எல்லாம் மாலுமிதான். நண்பர் நஞ்சப்பன் வீட்டு விருந்தில் யாரோ, "பாய், நீங்க கடல்ல போயிருக்கீங்களா?" என்று கேட்டுவைக்க, அவரும் வாய்க்கு வந்ததை அளந்துவிட்டார். பன்னிரண்டு வயதில் தோணி ஓட்டினாராம். புயலில் கொழும்புவரை போய்த் திரும்பினாராம். உண்மையில் அவருடைய வாப்பாவுக்கு ஜவுளிக்கடை. இவருக்கோ அலையை நின்று பார்த்தாலே வயிற்றைப் புரட்டும். இது தெரிந்த ஒரே ஜீவன் அவருடைய மனைவி நசீமா. அவளும் இருபது வருஷமாக, வீட்டுக்காரர் மானம் போகக்கூடாதே என்று தட்டு கழுவுகிற சாக்கில் சமையலறைக்குள் போய்ச் சிரித்துக்கொள்வாள்.

வினை சம்பந்தி ரூபத்தில் வந்தது. மகள் மஹ்ஜபீனுக்கு டெக்சாஸில் ஃபிரிஸ்கோ ஊரில் இருக்கும் மாப்பிள்ளை முஸ்அப்பைப் பேசியிருந்தார்கள். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போயிருந்தது. மாப்பிள்ளையின் வாப்பா காதர் மீரான், அண்ணன் என்கிற அர்த்தத்தில் 'காக்கா' போட்டு, போனிலேயே சொல்லிவிட்டார்: "காக்கா, நகை நட்டு எதுவும் வேணாம். சொன்ன சொல்லு உண்மையா இருந்தா போதும். முன்னாடி ஒரு இடத்துல சொன்னது ஒண்ணு, இருந்தது ஒண்ணு. அப்பவே விட்டுட்டோம்." அதற்கு நூர் முகம்மது என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆமாம் என்று சொல்லிவிட்டு வாயை மூடியிருக்க வேண்டும். அவரோ, "கடல்ல வளந்தவன் பொய் சொல்லமாட்டான் காக்கா" என்று ஆரம்பித்துக் கொழும்புப் புயலை முழுசாக ஓட்டிக்காட்டினார்.

பக்கத்திலுள்ள சான்டா கிளாராவுக்கு ஆபீஸ் வேலையாக வந்த காதர் மீரான், சனிக்கிழமை இவர்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். வந்ததும் வராததுமாக, "உங்களோட கடலுக்குப் போகணும் காக்கா. புயல்ல போனவரு பக்கத்துல இருந்தா எனக்கென்ன பயம்?" என்றார். மஹ்ஜபீன் உட்கார்ந்த இடத்திலேயே போனில் நாலு டிக்கெட் புக் பண்ணிவிட்டாள். கல்யாணமே இந்தப் படகில்தான் தொங்குகிறது என்று நூர் முகம்மதுவுக்குப் பட்டது.

இதில் நசீமா செய்தது இன்னொரு கூத்து. சம்பந்திக்கு முதல் விருந்து, வெறும் சாண்ட்விச்சா கொடுப்பது? துறைமுகத்தை ஒட்டிய புல்தரையில் விரிப்பைப் போட்டு, ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று பெரிய சஹன் தட்டு வைத்து, மட்டன் பிரியாணியைக் குவித்துவிட்டாள். சஹனில் ஒரு மரியாதை உண்டு. ஒரே தட்டில் உட்கார்ந்தவர்கள் சேர்ந்துதான் எழ வேண்டும். விருந்தாளி சாப்பிடும்போது வீட்டுக்காரர் கையை எடுக்கவே கூடாது. ஊருக்கெல்லாம் வெறும் இஞ்சி மிட்டாயோடு படகேறச் சொல்லும் நூர் முகம்மது, ஒரு கறித்துண்டைச் சம்பந்தி பக்கம் தள்ளினார். சம்பந்தி இரண்டைத் திருப்பித் தள்ளினார். விடுவாரா இவர்? மரியாதை முற்றிப்போய்த் தட்டு காலியானபோது இரண்டு பேராலும் குனிந்து ஷூவைக்கூட மாட்ட முடியவில்லை. மாத்திரை காரிலேயே கிடந்தது.

"நான் இந்தப் பாத்திரத்தையெல்லாம்…" என்று நூர் முகம்மது ஆரம்பித்தார்.

"பாத்திரம் எங்கேயும் போகாது மச்சான்," என்றாள் நசீமா. சம்பந்தி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படகில் ஏறினார்.

துறைமுகத்தின் அலைத் தடுப்புச்சுவரைத் தாண்டும்வரை ஒன்றுமில்லை. தாண்டியதும் படகு தூக்கிப் போட ஆரம்பித்தது. "வாப்பா, ஆர் யூ ஓகே?" என்று மஹ்ஜபீன் கேட்டபோது பதில் சொல்ல வாயைத் திறக்கவே அவருக்குப் பயம். அந்த நேரம் பார்த்து வழிகாட்டிப் பெண் வலது பக்கம் கையைக் காட்டிக் கத்தினாள். மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் ஓடியது. நூர் முகம்மது இடது பக்கம் ஓடினார். கம்பியைப் பிடித்துக் குனிந்தார். பிரியாணி போனது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், பக்கத்திலேயே இன்னொரு தலை அதே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. காதர் மீரான்! சஹனில் சேர்ந்து உட்கார்ந்தவர்கள் இங்கேயும் பிரியவில்லை.

"என்ன காக்கா, புயல்ல போனவரு நீங்களே இப்படின்னா…" என்று முனகினார் சம்பந்தி.

நூர் முகம்மதுவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இனி மறைக்க வயிற்றிலும் ஒன்றுமில்லை, மனசிலும் ஒன்றுமில்லை. "புயலும் இல்ல, கொழும்பும் இல்ல காக்கா. நான் கடலுக்குள்ள வர்றது இதுதான் முதல் தடவை. எல்லாம் பொய். என் மகளுக்கு இதுல ஒண்ணும் தெரியாது, அவளை ஒதுக்கிடாதீங்க," என்றார்.

காதர் மீரான் பதில் சொல்வதற்குள் கீழே தண்ணீர் பொங்கியது. சிப்பி அப்பிய ஒரு சாம்பல் முதுகு, பஸ் நீளத்துக்கு, கைக்கெட்டும் தூரத்தில் எழுந்தது. 'புஸ்' என்று ஒரு மூச்சு. இரண்டு சம்பந்திகளும் தலை முதல் இடுப்புவரை நனைந்தார்கள். அழுகிய மீனையும் முட்டைக்கோஸையும் சேர்த்து வேகவைத்த நாற்றம். பெரிய கண் ஒன்று அவர்களைப் பார்த்தது, சலித்துக்கொண்டது போல உள்ளே போனது.

நூர் முகம்மதுவுக்குப் புரட்டல், பயம், வெட்கம் எல்லாம் மறந்துவிட்டது. சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். "நசீமா! இங்கே! கையால தொடலாம் போல! எங்க மேல மூச்சு விட்டுச்சு!"

வலது பக்கம் போனவர்களுக்குத் தூரத்தில் ஒரு வால்கூடத் தெரியவில்லை. மஹ்ஜபீன், "வாப்பா, ப்ளீஸ்" என்றாள். நசீமா மூக்கைப் பொத்திக்கொண்டு, "வாந்தி எடுத்ததுக்கு இப்படி ஒரு கதையா?" என்றாள். இருபது வருஷப் புளுகை ஊரே நம்பியது. வாழ்க்கையில் முதன்முதலாக அவர் சொன்ன நிஜமான கடல் கதையைக் கட்டிய மனைவிகூட நம்பவில்லை. அவர் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது.

காதர் மீரான் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"காக்கா இதுவரைக்கும் சொன்னது எல்லாம் பொய்தாம்மா. அவரே இப்பத்தான் சொன்னாரு," என்றார் நசீமாவிடம். "ஆனா இது நெசம். நான் சாட்சி." பிறகு நூர் முகம்மதுவின் ஈரத் தோளில் கை போட்டார். "கல்யாணத் தேதியைக் கரைக்குப் போய்ப் பேசிக்கலாம் காக்கா. இங்கே என்னால முடியாது."

திரும்பும் வழியில் நாற்றம் தாங்காமல் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு எல்லோரும் குளிரில் நடுங்கினார்கள். வீட்டுக்கு வந்ததும் நசீமா, திமிங்கில மூச்சில் நனைந்த அவருடைய குளிர் ஜாக்கெட்டை வாஷரில் போடப் போனாள். நூர் முகம்மது பாய்ந்து பிடுங்கிக்கொண்டார்.

இப்போது அது கராஜில் தனியாக ஒரு ஆணியில் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது கொழும்புப் புயலைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் சும்மா அளந்தது" என்று கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறார். சொல்லிவிட்டுக் கராஜுக்குப் போய் ஜாக்கெட்டை எடுத்து வருகிறார்.

"மோந்து பாருங்க," என்கிறார்.