நாற்பத்தோராவது ஸ்டிக்கர்

ஏழாம் மாடியைக் கழற்றப் போகிறார்கள் என்ற செய்தி ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு வந்தது. மேனேஜர் போனில் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அந்தப் பழைய ஆபீஸ் லீஸ் முடியுதும்மா. திங்கக்கிழமை ஸ்ட்ரிப் அவுட். எல்லாத்தையும் பிரிச்சு எடுத்ததும் நீங்கதான் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடணும். உங்க முதல் வேலையாச்சே அது!"

வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை அவள் டப்பாவிலேயே திரும்ப வைத்துவிட்டாள்.

வாடகைக்கு எடுத்த தளத்தில் எவ்வளவு அலங்காரம் செய்தாலும், போகும்போது எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, வாங்கியபோது இருந்த வெறும் தளமாகவே திருப்பித் தர வேண்டும். கண்ணாடி அறைகள், தரைவிரிப்பு, விளக்குகள், தலைக்கு மேல் தொங்கும் ஃபால்ஸ் சீலிங், எதுவும் மிஞ்சக் கூடாது. இந்தத் தொழிலில் அது நித்தமும் நடக்கிற காரியம். ஆனால் இந்தச் சீலிங்கில், ஆயிரத்து இருநூறு டைல்களில் ஏதோ ஒன்றின் முதுகில், அவள் கணவர் பென்சிலால் எழுதிய ஒரு வரி இருந்தது. அது என்ன வரி என்று அவளுக்குத் தெரியாது. எழுதியவர் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது.

சீலிங் மாட்டுகிறவர்களிடம் அப்படி ஒரு பழக்கம் உண்டு. கடைசி டைலைத் தூக்கிச் சட்டத்தில் உட்கார வைப்பதற்கு முன், அதன் முதுகில் தேதியையும் மனதில் தோன்றியதையும் எழுதிவிடுவார்கள். கீழே வேலை பார்ப்பவர்கள் யாரும் பார்க்கப்போவதில்லை. கழற்றும் நாளில் கழற்றுகிறவன் பார்ப்பான், சிரிப்பான், வீசிவிடுவான். கல்யாணமான புதிதில் அவள் கேட்டிருக்கிறாள்.

"ஏழாம் மாடியில என்னங்க எழுதினீங்க?"

"கழட்டுற அன்னைக்குப் பார்த்துக்கோ. எந்த லீஸும் முடியாம இருக்காது."

"எந்த டைல்னாவது சொல்லுங்க."

"நீதானம்மா என்னைக் கடைசி டைல் போட வச்ச? உனக்குத் தெரியாததா?"

அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

அந்தத் தளத்துக்கு அவள் வந்தபோது வயது இருபத்தாறு. வருகைப் பதிவேடு எழுதத்தான் எடுத்தார்கள். முதல் வாரம் யார் எது சொன்னாலும் அவளுக்குப் புரியவில்லை. "ஃபர்ஸ்ட் ஃபிக்ஸ் முடிஞ்சிருச்சா பார்த்துட்டு வாங்க" என்று அனுப்பினார்கள். போய் நின்று பார்த்துவிட்டு, "ஒண்ணுமே மாட்டலையே சார், சுவத்துல வெறும் ஒயர்தான் தொங்குது" என்று வந்து சொன்னாள். தளமே சிரித்தது. ஒயர் தொங்கினால் ஃபர்ஸ்ட் ஃபிக்ஸ் முடிந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

அன்று மாலையே ஒரு நோட்டு வாங்கினாள். யாரும் சொல்லித்தரவில்லை. கேட்ட சொல்லைக் குறித்துக்கொள்வாள். அது எங்கே, எப்போது வாயில் வருகிறது என்று நாலு நாள் கவனிப்பாள். பிறகுதான் தன் பாஷையில் பொருள் எழுதுவாள். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. முதல் பக்கத்தில் இப்படி இருக்கும்:

"ஷெல்: கட்டடக்காரர் கொடுக்கிற வெறுங்கூடு. தூண், தரை, வெளிச்சுவர், லிஃப்ட் இருக்கும். உட்கார இடம் இருக்காது.

ஃபிட் அவுட்: வெறுங்கூட்டை ஆபீஸ் ஆக்குவது.

ஃபர்ஸ்ட் ஃபிக்ஸ்: சுவரை மூடினால் கண்ணுக்குத் தெரியாமல் போகிற வேலை எல்லாம். ஒயர், குழாய், சட்டம்.

செகண்ட் ஃபிக்ஸ்: மூடிய பிறகு கண்ணுக்குத் தெரிகிற வேலை. சுவிட்ச், விளக்கு, தண்ணீர் திறக்கிற பைப், கதவுப் பிடி.

மேக்கிங் குட்: தன் வேலைக்காக அடுத்தவன் சுவரில் ஓட்டை போட்டவன், அதை மூடிப் பூசி, ஓட்டையே இல்லாத மாதிரி ஆக்குவது. சண்டை எல்லாம் இதில்தான்."

ஆறாவது மாதம், இவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று கண்டுகொண்டு, ஸ்நாக் பார்க்கச் சொன்னார்கள். ஆபீஸை ஒப்படைப்பதற்கு முன், மூலை முடுக்கெல்லாம் சுற்றிக் கீறல், கோணல், கறை என்று தென்படும் ஒவ்வொரு குறையையும் பட்டியல் போடுவதுதான் அந்த வேலை. அவள் ஒரு படி மேலே போனாள். குறை இருக்கும் இடத்திலேயே சிவப்பு வட்ட ஸ்டிக்கர் ஒட்டினாள். பட்டியலில் ஒரு எண், ஸ்டிக்கரில் அதே எண். ஒட்டியவள்தான் எடுக்க வேண்டும், அதுவும் சரிசெய்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான். அன்றிலிருந்து அவள் பெயர் ஸ்டிக்கர்.

சீலிங்கில் மட்டும் நாற்பத்தொன்று விழுந்தது. சீலிங்காரர் கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். ஒல்லி, உயரம், தலையெல்லாம் வெள்ளைத் தூள்.

"என்ன மேடம் இது? என் சீலிங்குக்கு அம்மை போட்டிருக்கு!"

"முப்பத்தெட்டு கை ரேகை. வெள்ளை டைலை அழுக்குக் கையால தூக்கினா வேற என்ன போடும்?"

"கை கழுவிட்டு வரலாம்னா, பைப்பு இன்னும் செகண்ட் ஃபிக்ஸ் ஆகலையே மேடம்!"

அவள் சிரிப்பை அடக்க முடியாமல் பட்டியலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மறுநாள் அவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். ஏணி மேலிருந்து எலக்ட்ரீஷியன் கத்தினார்: "வழி விடுங்கப்பா, அம்மை பார்க்க டாக்டர் வந்துட்டாரு!"

நாற்பதையும் இரண்டு நாளில் முடித்தார். நாற்பத்தொன்றுதான் தகராறு. மீட்டிங் ரூமில், ஜன்னலிலிருந்து மூன்றாவது வரிசையில், ஒரு டைலின் மூலை உடைந்திருந்தது. கட்டைவிரல் நகம் அளவுதான்.

"இதை மாத்தணும்" என்றாள்.

"உபரி டைல் ஒண்ணுகூட இல்ல மேடம். புதுப் பெட்டி சொல்லிவிட்டா வர்றதுக்கு ரெண்டு வாரம். நாளைக்குக் காலையில ஹேண்டோவர். இவ்வளவு சின்னதை யாரு அண்ணாந்து பார்க்கப்போறா?"

"மீட்டிங்ல எல்லாரும் அண்ணாந்துதான் பார்ப்பாங்க. வேற என்ன வேலை அங்க?"

மறுநாள் காலை அந்த இடத்தில் பழுதில்லாத டைல் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது.

"எப்படிங்க கிடைச்சுது?"

"தேடினா கிடைக்கும்."

"என் ஸ்டிக்கர் எங்க?"

"பழைய டைலோட போயிடுச்சு மேடம்."

அவள் ஒரு நொடி தயங்கினாள். பிறகு நாற்பத்தொன்றுக்கு எதிரே டிக் போட்டாள். அவள் கையால் எடுக்காமலே டிக் வாங்கிய ஒரே ஸ்டிக்கர் அதுதான்.

அடுத்த வருடம் இருவருக்கும் கல்யாணம். தொழிற் சொற்களெல்லாம் வீட்டுக்குள் குடியேறிவிட்டன. சண்டை போட்டுவிட்டு அவர் டீ போட்டுக் கொண்டுவந்தால் அது மேக்கிங் குட். மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது, "சட்டை போட்டாச்சு, ஃபர்ஸ்ட் ஃபிக்ஸ் முடிஞ்சுது. பெல்ட்டு, ரிப்பனெல்லாம் உங்கம்மா பார்த்துப்பா" என்பார். பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, "ஸ்நாக் பார்க்க வரலாம் மேடம்" என்று கூப்பிடுவார். அவள் மட்டும், "இத்தனை வருஷத்துல தப்பா ஒரு டிக் போட்டதில்ல" என்று ஆரம்பித்தால் அவருக்கு இருமல் வந்துவிடும். பேச்சு முடியும்வரை இருமுவார். சிமெண்ட் தூசி தொண்டையில் தங்கிவிட்டது என்று நினைத்து அவள் வெந்நீர் கொடுப்பாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கெல்லாம் பழைய பட்டியலோடு ஏழாம் மாடிக்குப் போனாள். லிஃப்ட் கதவு திறந்ததும் தெரிந்துவிட்டது: சனிக்கிழமையே ஆரம்பித்துவிட்டார்கள். பாதித் தளத்துக்குச் சீலிங்கே இல்லை. கான்கிரீட்டும் குழாய்களும் அம்மணமாகத் தெரிந்தன. பார்டிஷன்கள் சரிந்து கிடந்தன. வரவேற்பு மேஜை இருந்த இடத்தில் ஒரு செவ்வகத்துக்கு மட்டும் தரை புதிதாக இருந்தது.

கழற்றும் ஆட்களின் மேஸ்திரி முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார். "வாங்க ஸ்டிக்கர் அக்கா! இன்னும் முடிக்கலையே, அதுக்குள்ள கையெழுத்துப் போட வந்துட்டீங்க?"

"இறக்கின டைலெல்லாம் எங்க இருக்கு?"

"கீழ பெரிய தொட்டியில. பதினோரு மணிக்கு லாரி வந்து அள்ளிட்டுப் போயிடும்."

"மீட்டிங் ரூம்?"

"அது இன்னும் அப்படியேதான் இருக்கு."

அவளுக்கு மூச்சு வந்தது. விஷயத்தைச் சொன்னாள். மேஸ்திரி கேலி செய்யவில்லை. அவரே ஏணியைத் தூக்கிவந்து நிறுத்தினார்.

ஜன்னலிலிருந்து மூன்றாவது வரிசை, அவர் கடைசியாக மாட்டிய டைல். அவளே ஏறினாள். டைலை மேலே தள்ளி, சாய்த்து, மெல்ல இறக்கினாள். மூலைகள் நான்கும் முழுசாக இருந்தன. முதுகைத் திருப்பினாள். கம்பெனி முத்திரை, ஒரு அம்புக்குறி, தூசி. புறங்கையால் தூசியைத் துடைத்தாள். வேறு ஒன்றும் இல்லை.

"எழுதவே இல்லையோ என்னவோக்கா" என்றார் மேஸ்திரி, தாழ்ந்த குரலில். "ஆம்பளைங்க சும்மா சொல்லி வைக்கிறதுதானே."

ஏணியின் நடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இருபத்திரண்டு வருடம் அந்த மனிதர் தன்னிடம் விளையாடியிருக்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள். மடியில் அந்த டைல். பழக்கதோஷத்தில் முத்திரையைப் படித்தாள். தயாரித்த மாதம், பெட்டி வரிசை. நிமிர்ந்து பக்கத்து டைலை இறக்கச் சொன்னாள். அதே மாதம், அதே வரிசை. இன்னொன்று. அதுவும் அதேதான்.

"புதுசா வாங்கிப் போட்டிருந்தா வேற தேதி இருக்கணும்" என்று மெதுவாகச் சொன்னாள். "இது இந்த மாடியிலேயே இருந்த டைல். உபரி ஒண்ணுகூட இல்லைன்னு அவர்தான் சொன்னார். அப்போ வேற ஏதோ ரூம்லேருந்து கழட்டி இங்க போட்டிருக்கார்!"

"அப்ப உடைஞ்சது?"

"அந்த ரூமுக்குப் போயிருக்கு. நான் ஏற்கெனவே பார்த்து முடிச்ச ரூமா இருக்கணும். இல்லைன்னா மாட்டிக்குவாரே." பட்டியலைப் புரட்டினாள். முதலில் பார்த்து முடித்தது ஃபைல் ரூம். அங்கே கூரை தொடுமளவு அலமாரிகள். அண்ணாந்தாலும் பாதி தெரியாது. அவருடைய இருமல் அத்தனையும் அந்த நிமிடத்தில் அவள் காதில் கேட்டது.

"ஃபைல் ரூமா?" மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். "ஐயையோ, இப்பதான்க்கா பசங்க இறக்கினாங்க!"

வயதை மறந்து ஓடினாள். சரக்கு லிஃப்ட் வாசலில் தள்ளுவண்டி நின்றிருந்தது. கதவு திறந்துகொண்டிருந்தது.

"நிறுத்துங்கப்பா! அந்த வண்டியைத் தள்ளாதீங்க!"

அடுக்கியிருந்த டைல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துச் சுவரோரம் சாய்த்தாள். வண்டி தள்ளியவர்கள் இருவரும் புரியாமல் நின்றார்கள். பதினேழாவதோ பதினெட்டாவதோ. மூலையில் கட்டைவிரல் நகம் அளவு உடைசல். அதன் பக்கத்தில், சிவப்பு வெளுத்துப் போன வட்ட ஸ்டிக்கர். அவள் கையெழுத்தில் 41.

திருப்பினாள். ஹேண்டோவருக்கு முந்தின நாள் தேதி. அதன் கீழே நேர்கோடு பிசகாத சாய்வெழுத்து:

"மேடம், உங்க ஸ்டிக்கர் இதுல பத்திரமா இருக்கு. ஒட்டினவங்கதான் எடுக்கணும்னு சொன்னீங்க. எப்ப வேணும்னாலும் வந்து எடுத்துக்கலாம். நான் காத்திருக்கேன். கையுறை போட்டுத்தான் மாட்டினேன்."

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். உரக்கப் படிக்க வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். அவருடைய ஆட்களைப் பார்த்து, "என்ன வேடிக்கை? மீட்டிங் ரூமைக் கழட்டுங்க, போங்க" என்று விரட்டினார். அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

"திருட்டு மனுஷன்!" என்றாள் அவள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் படித்துவிட்டு, மறுபடியும் சொன்னாள்: "திருட்டு மனுஷன். பொய்யா டிக் வாங்கியிருக்கார் என்கிட்ட!"

"இப்பத்தான் கிடைச்சுருச்சே, ஸ்டிக்கரை எடுத்துடுங்கக்கா."

அவள் நகத்தை ஸ்டிக்கரின் ஓரத்துக்குக் கொண்டுபோனாள். ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டு தயாராகத்தான் இருந்தது. நகத்தை எடுத்துக்கொண்டு, கட்டைவிரலால் அந்த ஓரத்தை அழுத்தி ஒட்டினாள்.

"எப்படி எடுக்கிறது? மூலை இன்னும் உடைஞ்சுதானே இருக்கு."

பழைய பட்டியலை டைலின் முதுகில் வைத்து, நாற்பத்தொன்றுக்கு எதிரே இருந்த டிக்கைக் கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் "முடியவில்லை" என்று எழுதி, அன்றைய தேதியைப் போட்டாள்.

மாலைக்குள் தளம் வெறுங்கூடானது. தூண், தரை, வெளிச்சுவர், லிஃப்ட். அவள் நான்கு மூலையும் நடந்து பார்த்தாள். சீலிங் கம்பிகள் இருந்த ஓட்டைகளை மூடிப் பூசியிருக்கிறார்களா என்று டார்ச் அடித்துப் பார்த்தாள். இரண்டு இடத்தில் மறுபடி பூசச் சொன்னாள். எல்லாம் நீக்கப்பட்டது என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"அக்கா, ஒரு டைல் குறையுதே?" என்றார் மேஸ்திரி, அவள் கக்கத்தில் இருந்ததைக் காட்டி.

"அதுவும் மாடியை விட்டு நீங்குது, இல்ல?" என்று சொல்லிவிட்டு அவள் லிஃப்டுக்குள் போனாள். பெரிய டைல். மூலை எங்கேயும் இடிபடாமல் இருக்க, இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். ஒரே தூசி. வெள்ளை டைலின் ஓரத்தில் அவள் விரல்கள் ஐந்தும் வரிசையாகப் பதிந்திருந்தன.