குளத்து மீனுக்கு ஒரு பக்கம்

எங்கள் மாதர் சங்கம் ஒரு சமையல் புத்தகம் வெளியிடத் தீர்மானித்தபோது, குறிப்புகளைத் திருத்தித் தட்டச்சு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. நாட்குறிப்பை ஒழுங்காக எழுதுகிறவள் என்பதுதான் என் தகுதி.

கண்டாவளைப் பக்கத்தில் எங்களுடையது ஒரு குடியேற்றத் திட்டக் கிராமம். யாழ்ப்பாணத்திலிருந்து வயலுக்காக வந்த குடும்பங்களும் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறோம். வந்த குறிப்புகளை வகை பிரித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ரோல்ஸ், கட்லட், ஃப்ரைட் றைஸ், மூன்று விதமான கேக். அன்றாடம் அவிக்கும் புட்டுக்கு ஒருவரும் எழுதவில்லை. குரக்கன் புட்டுக்கு மட்டும் ஒன்று இருந்தது, 'சீனி வருத்தக்காரருக்கு' என்ற தலைப்போடு. அரிசி இல்லாத காலத்தில் முகம் சுளித்துத் தின்ற குரக்கனை இப்போது நீரிழிவுக்கு நல்லது என்று டொக்டர் சொல்லித் தேடி வாங்குகிறோம்.

மீன் கறிகள் எல்லாமே கடல் மீனில்தான் இருந்தன: பாரை, அறக்குளா, விளை. காற்றுக் கடுமையான மாதங்களில் கடல் மீன் எங்கே வருகிறது? அப்போது எல்லா வீட்டுச் சட்டியிலும் கொதிப்பது ஜப்பான் மீன் என்று நாங்கள் சொல்லும் குளத்துத் திலாப்பியா. அதை எழுதி அனுப்பியவள் ஒருத்திதான். என் பக்கத்துக் காணிக்காரி, மலையகக் குடும்பத்துப் பெண். கூட்டங்களில் பாய் விரிப்பாள், தேத்தண்ணி ஊற்றுவாள், வாய் திறக்கமாட்டாள். சங்கத்தின் எந்த வெளியீட்டிலும் அவள் பெயர் வந்ததில்லை.

தலைவி அக்கா அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பிள்ளை, அவளின்ரை குளத்து மீனைப் போட்டால் யாழ்ப்பாணத்திலை இருக்கிற எங்கடை சனம் சிரிக்குமெல்லோ? பாரை எண்டு மாத்திவிடும். மிச்சத்தைத் தொடவேண்டாம்."

வேலியடியில் நின்று பக்கத்துக் காணிக்காரியிடம் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது.

"நான் ஆக்காத கறிக்கு எம் பேரு எதுக்குக்கா? மீன மாத்துறதுன்னா அந்தத் தாளக் குடுத்துருங்க."

"கூட்டத்திலை எல்லாத்தையும் வாசிக்கத்தானே போறன். வந்து கேளும். பிறகும் வேண்டாமெண்டால் தாறன்."

வந்தாள். கடைசி வரிசையில், பாயின் விளிம்பில் இருந்தாள். தலைவி சொன்னபடி மீனின் பெயரை மட்டுமே மாற்றியிருந்தேன். அவள் முறை வந்ததும் வாசித்தேன்: "பாரை மீனைத் துண்டுகளாக வெட்டி, சேற்று மணம் போகும்வரை தவிடும் உப்பும் போட்டு உரசிக் கழுவவும்."

நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது: "எணை அக்கா, அந்தப் பாரை எந்தக் குளத்திலை பிடிச்சது?"

"வாய்க்காலாலை நீந்தி வந்திருக்கும்!" என்றார் இன்னொருவர்.

சிரிப்பு அடங்கவில்லை. தலைவி அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கையை உயர்த்தினார். "சரி, சரி. ஆனால் தவிட்டுக்கு மணம் போகாது. தேசிக்காய்ப் புளியிலை ஊறப் போடோணும். நான் எப்பவும் அப்பிடித்தான்..."

அத்தோடு நிறுத்திவிட்டார்.

"அப்ப தலைவி வீட்டிலையும் ஜப்பான்தானோ!"

அவரும் வாய்விட்டுச் சிரித்தார். "ஓம், போன கிழமையும் காய்ச்சினனான். இப்ப என்ன?"

பாயின் விளிம்பிலிருந்து அவள் பேசினாள். "புளில போட்டா சத வெளுத்துப் போயிரும்க்கா. தவிடுதான் சரி."

"என்ரை கறியை ஒருநாள் திண்டு பாத்திட்டுக் கதையும்."

"குடுத்தாத்தானே திங்கிறதுக்கு?"

மறுபடியும் சிரிப்பு. நான் பாரையை வெட்டிவிட்டு ஜப்பான் என்று எழுதினேன். எலுமிச்சைப் புளியையும் அதே குறிப்பில் சேர்க்கலாமா என்று கேட்டதற்கு அவள் உடன்படவில்லை. "அது அவங்க கறி. அவங்க பேருல தனியாப் போடுங்க."

கூட்டம் கலைந்த பின் தலைவி அக்கா கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுத் தன் குறிப்பைச் சொல்லத் தொடங்கினார். மஞ்சள் கொஞ்சம் என்றார்.

"கொஞ்சம் எண்டால் எவ்வளவு அக்கா? அளவு வேணும்."

அவர் விரல்களைக் குவித்துப் பார்த்து யோசித்தார். கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த பக்கத்துக் காணிக்காரி நின்று அந்த விரல்களை எட்டிப் பார்த்தாள்.

"அரைத் தேக்கரண்டி வரும்."

"ஓம் பிள்ளை," என்றார் தலைவி அக்கா. "அவா சொன்னதையே போடும்."