ருசி பார்க்கும் சோலி

எங்கள் மலையூரான கவுஞ்சியில் பெண்கள் நாலு பேர் கூடினால் சேனாதிபதியை நினைத்து ஒரு பெருமூச்சு வந்துவிடும். காரணம் வேறொன்றுமில்லை. தட்டில் எதைப் போட்டாலும் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்று சொல்லி எழுந்துபோகிற மனிதர் அவர். என் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். உப்பு ஒரு கல் குறைந்தால் போதும், பக்கத்துத் தோட்டத்தில் களை எடுப்பவர்கள் வரைக்கும் சேதி போய்விடும். அதனால் சேனாதிபதியின் மனைவி பாண்டிச்செல்வி கொடுத்துவைத்தவள் என்று நானும்தான் பொறாமைப்பட்டேன். அந்த "நல்லா இருக்கு"வால் அவள் பட்ட பாடு எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவள் தோட்டமும் எங்கள் தோட்டமும் ஒரே சரிவில் மேலும் கீழுமாக இருக்கின்றன. பாண்டிச்செல்விக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கேரட் விலை விழுந்தால் நாங்களெல்லாம் அரசாங்கத்தைத் திட்டிவிட்டுப் படுத்துவிடுவோம். அவள் உட்கார்ந்து சீவிக் காயப்போட்டுவிடுவாள். எங்கள் மலையில் வெயிலை நம்பி எதையும் காயவைக்க முடியாது. உச்சிப்பொழுதிலும் மேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் வீட்டுக்குப் பின்னால் மூங்கில் நட்டு, பாலித்தீன் ஷீட் போர்த்தி ஒரு கொட்டகை போட்டாள். கேரட், பீன்ஸ், பட்டாணி, பூண்டு எல்லாம் அதற்குள் காய்ந்தன. மழைக்காலத்தில் என் வீட்டுத் துணியும் அங்கேதான் காய்ந்தது. என் சேலையெல்லாம் பூண்டு வாசம் அடித்ததை நான் சொல்லிக்காட்டாத நாளில்லை.

கொடைக்கானலில் இருந்து பூண்டு வாங்க வந்த மதன் கண்ணில் அந்தக் கொட்டகை பட்டது. வனத்துறையிடம் அனுமதி வாங்கி, வெளியூர்க்காரர்களைக் காட்டுக்குள் இரண்டு மூன்று நாள் நடக்கக் கூட்டிப்போவது அவன் தொழில். அவரவர் சாப்பாட்டை அவரவர்தான் முதுகில் சுமக்க வேண்டும். சுமை கூடினால் நடை கெட்டது.

"தண்ணியச் சுமக்கக் கூடாதுக்கா. தண்ணி காட்டுக்குள்ளயே கெடக்கு. காயில, சோத்துல இருக்கிற தண்ணிய எல்லாம் இங்கயே எடுத்துட்டுக் குடுங்க. அங்க போயி நாங்க ஊத்திக்கிறோம்" என்றான்.

அவளுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. சோற்றை உதிரியாக வடித்துக் காயவைத்தாள். பூண்டுக் குழம்பை எண்ணெய் குறைத்துச் சுண்டச் சுண்டக் காய்ச்சி, தட்டில் மெல்லிசாகப் பரப்பி, காய்ந்ததும் பொடித்தாள். அவள் வைக்கிற பூண்டுக் குழம்பு ஊரறிந்தது. கோயில் கும்பிடு என்றால் குழம்பு அவள் பொறுப்பு. ஒரு சட்டிக் குழம்பு கைப்பிடிப் பொடியாக நின்றபோது எனக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது. சோறு, காய், பொடி மூன்றையும் தனித்தனிப் பொட்டலமாக ஒரு பாக்கெட்டில் போட்டு ஒட்டினாள். காட்டில் வெந்நீர் ஊற்றி, கொஞ்ச நேரம் மூடி வைத்தால் சாப்பாடு தயார். ஒரு பாக்கெட்டைக் கையில் வைத்தால் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது.

முதல் பயணம் முடிந்து மதன் வந்தபோது பாக்கெட்டுகளில் பாதி திரும்பி வந்திருந்தன. காட்டுக்குள் சுமந்துபோய், தின்னாமல், மறுபடி சுமந்து வந்திருக்கிறார்கள். பாண்டிச்செல்விக்கு முகம் செத்துப்போனது.

"என்ன சொன்னாங்க தம்பி?"

"ஒண்ணும் சொல்லலக்கா. நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. ஆனா ரெண்டாம் நாளு யாரும் பிரிக்கவே இல்ல." அவன் தலையைச் சொறிந்தான். "சீசனுக்கு நெறையப் பேரு வர்றாங்கக்கா. அதுக்குள்ள சரி பண்ணிட்டா உங்ககிட்டயே வாங்குறேன். இல்லன்னா கடை நூடுல்ஸ்தான். என்னையத் தப்பா நெனைக்காதீங்க."

அவன் மேல் தப்பில்லை. ஆனால் அந்தக் கொட்டகைக்காக அவள் எவ்வளவு பேச்சு வாங்கியிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். கேரட்டுக்கு மாளிகை கட்டுகிறாள் என்று ஊரே சிரித்தது. சிரித்ததில் நானும் உண்டு. இது போய்விட்டால் அவளால் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. என்ன குறை என்று தெரிந்தால் சரிசெய்துவிடுவாள். அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

வீட்டில் இருந்த ஆளோ சேனாதிபதி. பாக்கெட்டைப் பிரித்து அவருக்குப் போட்டாள். "நல்லா இருக்கு" என்றார். வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, வாய் மட்டும் "நல்லா இருக்கு" என்றது. உப்பே போடாமல் கொடுத்தாள். அதுவும் நல்லாத்தான் இருந்ததாம். கடைசியில் கிண்ணத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். நான் மனசாட்சிப்படி தின்று பார்த்தேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது.

"நீங்க அடுப்புப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, ரெண்டு தோசை தின்ன வயித்தோட சொல்றீங்க மதினி" என்றாள். "மலையேறிக் களைச்சுப்போயித் திங்கிறவுக வாயி வேற. அந்த வாயிதான் எனக்கு வேணும்."

அந்த வாயை அவள் தன் வீட்டிலேயே தயார் செய்தாள். மறுநாள் வெள்ளனே சேனாதிபதியின் முதுகில் உருளைக்கிழங்கு நிறைந்த பை ஏறியது. கையில் சின்ன கேஸ் அடுப்பு, ஒரு பாக்கெட். தோட்டத்துக்கு மேலே இருக்கிற மொட்டைப் பாறை வரை ஏறி, அங்கே ஆக்கித் தின்றுவிட்டு வரவேண்டும். அவரும் மறுபேச்சில்லாமல் போனார். பேர்தான் சேனாதிபதி, உத்தரவு போடுவதெல்லாம் அவள்தான். பையோடு ஏறுகிற மனிதரைப் பார்த்துவிட்டு, பொண்டாட்டி வீட்டை விட்டு விரட்டிவிட்டாள் என்று ஊரில் கதை கட்டினார்கள். டீக்கடையில் ஒருத்தர் அவருக்குப் பன் வாங்கிக் கொடுத்து ஆறுதல்கூடச் சொன்னார். அந்தப் பன்னும் நல்லாத்தான் இருந்திருக்கும்.

பாறையிலிருந்து இறங்கி வந்து அவர் சொன்னது உங்களுக்கே தெரியும். கிண்ணத்தில் ஒரு பருக்கை மிச்சமில்லை. அவளுக்கு வந்த கோபத்தில், அன்றைக்கு எங்கள் தோட்டம் வரை பாத்திரச் சத்தம் கேட்டது.

சீசனுக்கு முன்னால், கூக்கால் ஊருக்கு அப்பால் காட்டுக்குள் வழி பார்க்க மதன் புறப்பட்டான். கூடாரம் தூக்க ஆள் வேண்டும் என்றான். "நாங்க ரெண்டு பேரும் வர்றோம் தம்பி, கூலி வேணாம்" என்றாள் பாண்டிச்செல்வி. காட்டில் நடந்ததை அவளே என்னிடம் சொன்னாள். அப்போது சேனாதிபதி பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார், எதையும் மறுக்கவில்லை.

இரண்டாம் நாள் நடை முழுக்க மழை. காலெல்லாம் அட்டைக் கடி. கூடாரத்தையும் சுமந்து ஏறிய சேனாதிபதிக்கு, சாயங்காலம் தங்கும் இடத்துக்கு வந்தபோது பல் தந்தியடித்தது. அவள் வெந்நீர் வைத்தாள், பாக்கெட்டைக் கிண்ணத்தில் கொட்டி ஊற்றினாள், மூடி வைத்தாள். காற்று விடாமல் வீசியதில் சூடு பாதி அங்கேயே போய்விட்டது. திறந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் ஒரு வாய் தின்றார், இன்னொரு வாய் தின்றார்.

"எப்படிங்க இருக்கு?"

"நல்லா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். "முடியல செல்வி."

"என்ன முடியல?"

"உள்ள எறங்க மாட்டேங்குது. சோறு நடுவுல கல்லாட்டம் கெடக்கு. மென்னு மென்னு தாடை வலிக்குது. தொண்டை வறண்டு கெடக்கையில இந்தக் காரம் போயி ஒட்டிக்கிது. வெந்நிய ஊத்திட்டு உக்காந்து காத்திருன்னு சொல்ற. நடுங்கிப்போயி வந்தவனுக்கு ஏது அம்புட்டுப் பொறுமை?"

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. தேடிய பொருள் கைக்குக் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் மேலும் கேட்டாள்: "அப்ப வீட்டுல எறங்குற மாதிரி காட்டுல எறங்கல, அப்படித்தானே?"

"வீட்டுலயும் எறங்காது."

"எது?"

"பூண்டுக் கொழம்பு. எனக்குச் சின்னதுலேர்ந்தே பூண்டு ஆகாது, செல்வி. வெளைய வைக்கிறது வேற, திங்கிறது வேற."

அந்தப் பக்கம் கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்த மதன், அடித்து முடித்த முளையையே திரும்பவும் அடிக்க ஆரம்பித்தானாம்.

"அப்ப எதுக்குங்க இத்தன வருசமாச் சொல்லல?"

"மொத நாளு கொழம்ப ஊத்திட்டு என் வாயவே பாத்துக்கிட்டு நின்ன. புது எடம். எங்க அம்மா வேற மொறச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. நல்லா இருக்குன்னேன். அப்பத்தான் ஒனக்கு மூச்சே வந்துச்சு. அதுக்கப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

அவளுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. வாரம் தவறாமல் ஒரு மனிதருக்கு ஆகாததையே ஊற்றி ஊற்றிக் கொடுத்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. தனக்காக ஒருவர் இவ்வளவு பூண்டைத் தின்றிருக்கிறாரே என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்ததாம். அதையும் மறைக்காமல்தான் என்னிடம் சொன்னாள். அவர் வைத்த கிண்ணத்தை எடுத்து அவளே தின்று பார்த்தாள். அவளுக்கும் இறங்கவில்லை.

விடிந்ததும் அவள் வெரசா எழுந்து, மீந்திருந்த பாக்கெட்டுகளைப் பிரித்தாள். குழம்புப் பொடியை எடுத்துத் தனியே வைத்தாள். காய்ந்த சோற்றைத் துணியில் முடிந்து கல்லால் தட்டி நொய்யாக்கினாள். ஊறவைக்கிற வேலையே இல்லை. தண்ணீரில் நேராகப் போட்டதும் இரண்டு கொதியில் கரைந்து வந்தது. காய்ந்த கேரட்டைக் கசக்கித் தூவினாள். உப்பும் மிளகும் போட்டு, நீர்க்க, மெல்ல வேண்டாதபடி கஞ்சியாக இறக்கினாள். மூன்று டம்ளரில் ஊற்றினாள்.

குளிருக்கு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். மதன் பாதி குடித்துவிட்டு, "அக்கா, சீசனுக்கு இதையே போட்ருங்க. நூடுல்ஸ் வேணாம்" என்றான். கஞ்சியாகக் காய்ச்சினால் ஆளுக்குப் பாதி சோறு போதும், பை இன்னும் லேசாகும் என்றும் சொன்னான். அவள் இத்தனை நாளாகக் காத்திருந்த சொல் அதுதான். ஆனால் மதன் சொன்னது அவள் காதில் சரியாக விழவில்லை, மறுபடி ஒருதரம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

ஏனென்றால் அந்த நேரத்தில் சேனாதிபதி காலி டம்ளரை அவள் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் சாப்பாட்டைக் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. சட்டியில் ஒன்றும் மிச்சமில்லை. அவள் தன் டம்ளரில் இருந்ததை அப்படியே அவர் டம்ளரில் ஊற்றினாள்.