சன்னலோரக் கட்டில்

"டாக்டர் தொரை என்ன சொல்றாரு, கண்ணு?" என்று அங்கம்மாள் கேட்டாள்.

"உங்க ரத்தத்துல இருக்கிற அணுவெல்லாம் உருண்டையா இல்லாம அரிவாளாட்டம் வளைஞ்சி கெடக்காம். அதுங்க ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டு ரத்தம் ஓடற வழிய அடைச்சிடுதாம். அப்பதான் வலி வருதாம்" என்றாள் சந்திரகலா.

"அரிவாளா? அதான் இந்த அறுப்பு அறுக்குது." வலியிலும் அங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. "எங்க மில்லு மேஸ்திரிகிட்ட வந்து இத ஒரு தடவ சொல்லச் சொல்லு. நான் நடிக்கிறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான்."

டாக்டர் மறுபடி பேசினார். சந்திரகலா கேட்டுக்கொண்டு திரும்பினாள்.

"பாரிசுலேர்ந்து புது ஊசி வந்திருக்காம், அக்கா. இந்த வலிக்குன்னே செஞ்சதாம். இந்த வார்டுல போட்டுப் பாக்கப் போறாராம். உங்களுக்குச் சம்மதமான்னு கேக்கறாரு."

"போட்டா செத்துடுவனான்னு கேளு."

"மாட்டீங்களாம். கெடுதல் ஒண்ணும் வராதாம்."

"எல்லாருக்கும் ஒரே மருந்துதானா? ஆளுக்கு ஒண்ணு, அடிமைக்கு ஒண்ணுன்னு பிரிச்சி வெச்சிருக்காங்களா?"

சந்திரகலா அதையும் கேட்டாள். டாக்டர் ஒரு கணம் சன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, ஆமாம், எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார்.

"அப்ப மொதல்ல எனக்குப் போடட்டும். என் தங்கச்சிக்கும் இதே வலி. எனக்குக் கேட்டுச்சின்னா அவளக் கூட்டியாருவேன். கேக்கலன்னா அவ ஒடம்புல ஒரு ஊசி எறங்க விடமாட்டேன். இதச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன், அக்கா."

அது ஐம்பத்தேழாம் வருஷத்து மழைக்காலம். பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி மூன்று வருஷம் ஆகியும் அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரெஞ்சுக்காரராகவே இருந்தார். கான்வென்டில் பிரெஞ்சும் வீட்டில் தமிழும் படித்த சந்திரகலாவை, நோயாளிகளிடம் பேசிச் சொல்வதற்காக வேலைக்கு வைத்திருந்தார்கள். தானாக ஒரு வார்த்தை பேசுகிற பெண்ணல்ல அவள். அடுத்தவர் பேச்சை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

அங்கம்மாள் அரியாங்குப்பத்தில் குடியிருந்தாள். அவள் தாத்தா கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி ஒரு பிரெஞ்சுத் தீவுக்குப் போய், அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு திரும்பியவர். அப்படித் திரும்பிய குடும்பங்களுக்கு ஊரில் யாரும் பெண் கொடுக்கவில்லை, எடுக்கவும் இல்லை. தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டார்கள். இந்த வலியும் அவர்களுக்குள்ளேயே சுற்றிவந்தது. தீவுக்காரர் வீட்டு வலி என்றே அதற்குப் பெயர்.

வலி வந்தால் அங்கம்மாளுக்குக் கையும் காலும் இடுப்பும் உள்ளுக்குள் நொறுங்கும். வெளியே ஒரு காயம் தெரியாது. அதனால்தான் மேஸ்திரி நம்பவில்லை. கட்டியவனும் நம்பாமல்தான் விட்டுப்போனான். தாய் இறந்த பிறகு தங்கை ரஞ்சிதத்தை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். ரஞ்சிதம் வலியில் துடிக்கும்போது, நடிக்கிறாயா என்று கேட்காத ஒரே ஆள் அவள்தான்.

அங்கம்மாளுக்குச் சன்னல் வரிசையில் கட்டில் கிடைத்திருந்தது. ஊசி தினமும் இறங்கியது. வலி மெல்லத் தணிந்தது. எப்போதும் அது தானாகவே தணிகிற வலிதான். ஆனால் இந்தத் தடவை தணிந்ததை அவள் ஊசியின் கணக்கில் எழுதிவிட்டாள். எழுந்து நடந்த அன்றே ஆள் சொல்லி அனுப்பி ரஞ்சிதத்தை வரவழைத்தாள்.

ரஞ்சிதத்துக்கு எதிரே, சுவரோர வரிசையில் இடம் கொடுத்தார்கள். வரும்போது ஓலமிட்டுக்கொண்டு வந்தவள், சீக்கிரமே கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள்.

"பாத்தியா, சொன்னேன் இல்ல?" என்றாள் அங்கம்மாள்.

"ஊசி சரிதான். இந்த எடம்தான் அடுப்புக்குள்ள ஒக்காந்த மாதிரி இருக்குது. மகாராணி நீ மட்டும் கடல் காத்து வாங்கற."

அங்கம்மாளுக்கு அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. "எழுந்து வாடி வாயாடி" என்று தன் போர்வையைச் சுருட்டிக்கொண்டாள். நல்லதாக எது கிடைத்தாலும் தங்கைக்குக் கொடுத்தே பழகியவள் அவள். இருவரும் கட்டில் மாறிக்கொண்டார்கள்.

ஊசி போட்ட கன்னியாஸ்திரிக்கு அது தெரியவில்லை. தமிழ்ப் பெயர்கள் அவர் வாயில் நுழையாது. கட்டிலைப் பார்த்துத்தான் ஊசி போடுவார். சன்னல் வரிசைக்கு ஒரு பெட்டி, சுவர் வரிசைக்கு ஒரு பெட்டி. இரண்டிலும் இருந்த சீசாக்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன.

அன்று ராத்திரியே ரஞ்சிதத்துக்கு வலி திரும்பியது. முதலில் முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு நெஞ்சு. அங்கம்மாள் அவள் காலை மடியில் வைத்துக்கொண்டு, "ஊசி போட்டிருக்குது இல்ல, கேக்கும்டி, பொறுத்துக்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். காலையில் வந்த டாக்டர் ரஞ்சிதத்தைச் சன்னலோரத்தில் பார்த்ததும் நின்றுவிட்டார். யார் இவளை இங்கே மாற்றியது என்று கன்னியாஸ்திரியிடம் கத்தினார். இத்தனை நாள் வேலை பாழாகிவிட்டது என்றார். பிறகு, எல்லோரும் கேட்க, அந்த ஒரு வாக்கியத்தையும் சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்றாள் அங்கம்மாள்.

"கட்டில் மாறினது தப்பாம்."

"அதுக்கா இந்தக் கத்து கத்தறாரு? முழுசாச் சொல்லு, கண்ணு."

சந்திரகலா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சன்னல் வரிசைக்குப் போட்டது மருந்து இல்லையாம், அக்கா. வெறும் உப்புத்தண்ணியாம். சுவர் வரிசைக்கு மட்டும்தான் மருந்தாம்."

அங்கம்மாள் டாக்டரைப் பார்க்கவே இல்லை. சந்திரகலாவைத்தான் பார்த்தாள்.

"எல்லாருக்கும் ஒண்ணுதான்னு நீ சொன்ன."

"அவரு அப்பிடித்தான் சொன்னாரு. எனக்கும் தெரியாது, அக்கா."

"அவரு சொன்னது எனக்கு எங்க புரிஞ்சிது? எங்காதுல வுழுந்தது உங்கொரல்தான்."

டாக்டர் நிதானத்துக்கு வந்திருந்தார். ஒரு வரிசைக்குத் தண்ணீரைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் மருந்தின் குணத்தை அறிய வழியில்லை என்றார். உன்னிடம் சொல்லியிருந்தால் உன் முகமே காட்டிக்கொடுத்திருக்கும், அதனால்தான் மறைத்தேன் என்று சந்திரகலாவிடம் சொன்னார். தங்கைக்கு இப்போதே உண்மையான மருந்தைப் போடுகிறேன் என்றும் சொன்னார். அவள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் தமிழில் சொன்னாள்.

"வேணாம்" என்றாள் அங்கம்மாள். "இப்ப போடறது மருந்துன்னு யாரு சொல்றது? நீயா?"

"ரஞ்சிதத்துக்கு அந்தப் பக்கம் இருந்தப்ப கேட்டுச்சே, அக்கா. அதையாவது நெனச்சிப் பாருங்க."

"எனக்கும்தான் தண்ணியில கேட்டுச்சி."

உண்மையான மருந்து எட்டும் தூரத்தில் இருந்தது. அதை நம்ப வைக்கும் வார்த்தைதான் அவளிடம் இல்லாமல் போய்விட்டது.

அங்கம்மாள் ரிக்‌ஷா கொண்டுவரச் சொல்லி, ரஞ்சிதத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள். ரஞ்சிதம் பிழைத்தாள். ஆனால் அந்த வலி அவள் இடுப்பெலும்பைத் தின்றுவிட்டது. அதன் பிறகு சாய்ந்து சாய்ந்துதான் நடந்தாள். அங்கம்மாள் ஆற்றைத் தாண்டி மில்லுக்கு வந்துபோனாள். ஆஸ்பத்திரித் தெருப் பக்கம் மட்டும் வரவில்லை. அறுபத்திரண்டாம் வருஷம் மார்கழிக் குளிரில், வீட்டுத் தரையில் படுத்தபடி, அந்த வலியிலேயே போய்ச் சேர்ந்தாள். சந்திரகலாவுக்கு அது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியை விட்டுப் போன அன்று, வாசலில், ரிக்‌ஷாவில் ஏறும் முன் அங்கம்மாள் ஒரு தடவை திரும்பினாள். கோபம் வடிந்திருந்தது.

"எங்க தீவுக்கார சனம் இன்னும் வரும், கண்ணு. எங்க போவும் பாவம், வலிக்கிதே. நீ ஒண்ணு செய்யி. ஊசி கையில ஏறதுக்கு முன்னாடி, இது மருந்தா தண்ணியான்னு கேளு. அவரு வாய் வார்த்தைய மட்டும் கேட்டா போதாது, அவரு மூஞ்சியப் பாத்துக் கேளு. அதுக்கப்புறம் எங்க ஆளுங்ககிட்டச் சொல்லு."