எட்டு நாள் தொடாத மாத்திரை

எனக்குக் கொடுத்தது புதிய மருந்தா, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையா? இன்றும் எனக்குத் தெரியாது.

எனக்கு லூபஸ் என்னும் வியாதி. மூட்டுகள் வலிக்கும், கன்னங்கள் சிவந்து தடிக்கும். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில், சிலருக்குப் புதிய மருந்தும் சிலருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துச் சோதித்து வந்த யாழ்ப்பாணத்து டாக்டர் என்னையும் சேர்த்துக்கொண்டார். "ஆருக்கு எது போகுதெண்டு எனக்கே தெரியாது பிள்ளை. ஒரு நாளும் நிப்பாட்டாதையும்" என்றார்.

இரண்டாம் மாதம், நாங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் சிலருக்கு அம்மை போட்டது. அதே வாரம் என் முகமும் சிவந்தது.

"ஆத்தா வந்திருக்கா. மருந்து தின்னா கோவிச்சுக்குவா. கைப்புள்ளைய நெனச்சுப் பாரு" என்றார் மாமியார்.

அது வியாதியின் சிவப்பு என்று படித்த எனக்குத் தெரியும். ஆனாலும் குழந்தைக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பயந்து, எட்டு நாள் மாத்திரையைத் தொடவில்லை.

ஒன்பதாம் நாள் குழந்தையைத் தூக்கியவள் அப்படியே சரிந்தேன். கணவர் பாய்ந்து குழந்தையைப் பிடித்தார். என்னைத் தோட்டத்து லொறியில் அந்த டாக்டரின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"ஒழுங்காப் போட்டனீரோ?" என்று டாக்டர் கேட்டார். திட்டுவாரே என்று பயந்து, ஆமென்று தலையாட்டினேன். அவர் அப்படியே எழுதினார். "அப்ப இந்த மாத்திரை உமக்கு ஒத்துவரேல்லை."

"எட்டு நாளா போடலைங்க ஐயா!" என்று கணவர் கத்திவிட்டார்.

டாக்டர் எழுதியதை அடித்தார். "உம்மட பொய்யை நம்பி நான் வைத்தியம் செய்திருந்தா? இதே லூபஸ் வருத்தம் உள்ள மற்ற ஆக்களுக்கும் பிழையான முடிவெல்லோ போயிருக்கும்?"

பிழைத்தேன். இப்போது மாத்திரை போட்ட நாளையும் தவறிய நாளையும் கலண்டரில் குறித்து, அதையே அவரிடம் நீட்டுகிறேன்.

இன்னும் ஆறு மாதம் சோதனையில் இருக்கச் சொல்கிறார். "அது வெறும் மாத்திரையா இருந்து ஒனக்கு ஏதாச்சும் ஆயிட்டா புள்ளைய யாரு வளப்பா?" என்கிறார் மாமியார். இத்தகைய சோதனையில் இருந்த தாய்மார் யாரேனும் இருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.